தூங்கப்போகும் டவர் யாரை எங்கே விட்டுப்போகிறது: கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் வழியில் லவ்டேல் தாண்டியதும் ஒரு பக்கம் தரை சட்டென்று இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் கேத்திப் பள்ளத்தாக்கு. சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ். அடியில் கேத்தி பாலாடா பக்கம், தண்ணீர் கிடைக்கும் இடங்களை ஒட்டி, கேரட் கழுவும் இயந்திரக் கொட்டகைகள். இங்கே கழுவிய கேரட் காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கியாக வேண்டும். அதனால் அறுவடை ஆட்கள் ஊர் தூங்கும் நேரத்திலேயே கிளம்பிவிடுவார்கள். டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கி, மூட்டை கட்டி, கொட்டகையில் கழுவி, லாரியில் ஏற்றி அனுப்பும்போதும் கிழக்கு வெளுத்திருக்காது.

சமவெளி ஊர்களில் கைபேசிகள் ஓய்ந்துகிடக்கும் அந்த மூன்று நான்கு மணிநேரம்தான் இங்கே வேலை நேரம். ஆள் எந்தத் தோட்டத்தில் நிற்கிறார், எத்தனை மூட்டை தேறும், வண்டி எல்லநள்ளி தாண்டிவிட்டதா என்று எல்லாமே போனில்தான் கேட்கப்படும். காட்டெருமையும் கரடியும் குறுக்கிடும் பாதையில் இருட்டில் நடக்கிறவருக்குப் போன் வேறொரு காரணத்துக்கும் தேவை.

ஒரு 4ஜி நிறுவனம் இந்தப் பகுதியின் டவர்களில் இரவு மின்சேமிப்பை, அதாவது ஆள் குறைந்த நேரத்தில் சில ஒலிபரப்புகளை அணைத்துவைக்கும் முறையை, இயக்கத் தொடங்கிய பிறகு, கொட்டகைகளுக்கு அந்த மணிநேரங்களில் அழைப்புகள் வந்துசேரவில்லை. அந்தப் பகுதியின் சிக்னலைச் சீர்செய்யும் ரேடியோ ஆப்டிமைசேஷன் அணியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கோளாறு என்ன என்பதைவிட, அது ஏன் எந்த அறிக்கையிலும் தலைகாட்டவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அதற்கே இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

மூன்று டவர்கள், ஒரு தோள்

டவர்களின் உண்மையான அடையாளங்களை விட்டுவிட்டு முகடு, எதிர்முகடு, பள்ளம் என்றே சொல்கிறேன்.

முகடு, ஊட்டி–குன்னூர் சாலை ஓடும் உயரத்தில் நிற்கும் பெரிய டவர். 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு தாழ் பட்டை, அதன் மேல் 1800, 2300 என மூன்று அடுக்கு அலைவரிசைகள். எதிர்முகடு, பள்ளத்தாக்கின் மறுபுறச் சரிவில் இருப்பது. அதில் 1800 மட்டும். கருவிகள் வேறொரு தயாரிப்பாளருடையவை. குன்னூர்ப் பக்கத்து டிராக்கிங் ஏரியாவை, அதாவது போனைத் தேடுவதற்காக நெட்வொர்க் பிரித்துவைத்திருக்கும் டவர் தொகுதியைச் சேர்ந்தது. பள்ளம், அடியில் நடப்பட்ட உயரம் குறைந்த கம்பம். இரு திசைகளை நோக்கி இரண்டு செக்டார், ஒன்று கொட்டகைகளைப் பார்க்கிறது, மற்றது மறுபுறச் சரிவுத் தோட்டங்களை. இதிலும் 1800 மட்டுமே. பகல் நெரிசலைக் குறைக்கப் பின்னால் சேர்த்த டவர் என்பதால் திட்டப் பதிவேட்டில் இதன் பெயருக்கு எதிரே ‘கொள்ளளவு செல்’ என்று இருந்தது (ஒரு செக்டார் ஓர் அலைவரிசையில் தரும் சேவைதான் செல்). பரப்பெல்லை காப்பது முகட்டின் தாழ் பட்டை, நெரிசலைத் தாங்குவது பள்ளம் என்பது அந்தப் பதிவின் பொருள். மின்சேமிப்பு மென்பொருள் இந்தப் பதிவை வைத்துத்தான் எந்த செல் தூங்கலாம் என்று முடிவெடுக்கும்.

முகட்டுக்கும் கொட்டகைகளுக்கும் நடுவே சரிவிலிருந்து ஒரு தோள் நீண்டிருக்கிறது. அதன் மேல் கற்பூர மரங்களும் சீகை மரங்களும் அடர்ந்து நிற்கின்றன. திட்டமிடும் மென்பொருளின் உயர வரைபடம் அகலக் கட்டங்களால் ஆனது என்றால் இப்படிப்பட்ட தோள் அதில் மழுங்கிப்போகும். மரங்களோ இருக்கவே இருக்காது. வரைபடத்தில் கொட்டகைகள் முகட்டின் தாழ் பட்டைக்குள் பத்திரமாக இருந்தன. நேரில் போய் நின்று பார்த்தால் தோளின் நிழலுக்குள் கிடந்தன.

சமவெளியில் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதுதான் பக்கத்து டவர். மலையில் கண்ணுக்குத் தெரிவதுதான் பக்கத்து டவர். கோயம்புத்தூருக்கு எழுதிய மின்சேமிப்பு விதியை அப்படியே மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏற்றக் கூடாது என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

புகாரும் அறிக்கையும்

கொட்டகைக்காரர் ஒருவர் சொன்னது இது: “சார், பகல்ல நாலு பாயிண்ட் நிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்காரர் கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருதாம். போன் என் கையிலதான் இருக்கு.” பக்கத்தில் நின்ற ஓட்டுநர், “பனி இறங்கிட்டா இப்படித்தான் சார், இங்க சிக்னல் நிக்காது” என்றார்.

மூடுபனி சிக்னலைத் தின்றுவிடும் என்ற நம்பிக்கை நீலகிரி முழுக்க உண்டு. 4ஜி ஓடும் அலைவரிசைகளை மூடுபனியின் நுண்துளிகள் தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நனைந்து கனத்த இலைக்கூட்டம் வேறு விஷயம். தோளின் மேல் நிற்கும் மரங்கள் ஈரத்தில் கூடுதலாக உறிஞ்சும். ஆனால் பனியே இல்லாத இரவுகளிலும் இதே நேரத்தில் இதே புகார் வந்தது. நேரம் ஒத்துப்போவதைப் பார்த்துத்தான் மின்சேமிப்பு அட்டவணையைத் திறந்தோம்.

அறிக்கையிலோ அந்த மணிநேரங்கள் பச்சையாக இருந்தன. கால் டிராப் விகிதம் நன்றாக இருந்தது. பேச்சு அறாமல் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹேண்டோவரின் வெற்றி விகிதத்திலும் அழைப்பு அமையும் விகிதத்திலும் குறையில்லை. இவை மூன்றும் விகிதங்கள். கீழே இருக்கும் எண் முயற்சிகளின் எண்ணிக்கை. முயற்சியே பதிவாகாவிட்டால் தோல்வியும் பதிவாகாது. பஸ்ஸில் ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றவரை டிக்கெட் கணக்கில் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

உண்மையைக் காட்டியது ஒரே ஒரு கணக்கு. யாருக்காவது அழைப்பு வந்தால் நெட்வொர்க்கின் மையத்தில் உள்ள எம்எம்இ, அந்தப் போன் கடைசியாகப் பதிந்த டிராக்கிங் ஏரியா முழுக்க ‘எங்கே இருக்கிறாய்’ என்று கூவும். இதுதான் பேஜிங். பதில் வராத பேஜிங்குகளின் எண்ணிக்கை அங்கே பதிவாகும். ஆனால் அது ஏரியா அளவில் கூட்டிக் காட்டப்படுவதால் ஊட்டி நகரத்தின் பெரிய எண்ணுக்குள் ஒரு பள்ளத்தாக்கு மறைந்துபோகிறது. போன் கடைசியாகப் பேசிய டவர் எது என்ற அடிப்படையில் அதே கணக்கைப் பிரித்தோம். நள்ளிரவுக்குப் பின் பள்ளம் மட்டும் தனியே உயர்ந்து நின்றது.

செல் தூங்கும் விதம்

மின்சேமிப்பை நான் எதிர்க்கவில்லை. 4ஜி செல் தன் கீழ் ஒருவருமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மில்லிவிநாடியும் அடையாளக் குறிகளை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அலையைப் பெருக்கி அனுப்பும் அதன் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஓய்வே கிடையாது. 5ஜியில் ஒத்திசைவுக் குறிகள் வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் போகும், இடையில் மூச்சுவிட நேரம் கிடைக்கும். 4ஜியில் உருப்படியாக மின்சாரம் மிச்சமாக வேண்டுமென்றால் கேரியரையே, அதாவது அந்த அலைவரிசையின் ஒலிபரப்பையே, அணைத்தாக வேண்டும். டீசலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிக்கொண்டுவரும் மலையில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மதிப்பு அதிகம்.

இதற்கான நெறிமுறை பழையது. கைபேசி நெட்வொர்க் நெறிமுறைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 9 என்ற பதிப்பிலேயே அடிப்படை வந்துவிட்டது. தூங்கப்போகும் செல்லின் நிலையம், நிலையங்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் எக்ஸ்2 இணைப்பு வழியாக அண்டை நிலையங்களுக்கு ‘நான் அணைகிறேன்’ என்று அறிவிக்கும். நெரிசல் ஏறினால் அண்டை நிலையம் அதே வழியில் ‘எழுந்திரு’ என்று கேட்கும். அணைக்கும் முன் தன்னிடம் இருப்பவர்களை அடுத்த செல்லுக்கு ஒப்படைக்கும்போது, ‘அணைப்பு நடக்கிறது’ என்ற காரணத்தையும் சேர்த்து அனுப்பலாம். இவரை என்னிடமே திருப்பி அனுப்பிவிடாதே என்று எதிர்த்தரப்புக்கு அதனால் புரியும்.

காகிதத்தில் இதில் குறையில்லை. ஆனால் இந்த ஹேண்டோவர் வழக்கமான ஹேண்டோவர் அல்ல. வழக்கமானதில் ஆள் நகர்கிறார், டவர் நிற்கிறது. மின்சேமிப்பில் ஆள் நிற்கிறார், டவர் போகிறது. ஆள் நகரும்போது போனே அளந்து சொல்லிவிடும்: அண்டை செல்லின் பலம் இப்போதைய செல்லைவிடக் குறிப்பிட்ட டெசிபெல் கூடி, குறிப்பிட்ட நேரம் நீடித்தால் ஏ3 என்ற அறிக்கை புறப்படும். அந்த அறிக்கையை நம்பி நிலையம் இலக்கைத் தேர்ந்தெடுக்கும். கம்பத்துக்கு அடியில் நின்று நல்ல சிக்னலில் பேசிக்கொண்டிருக்கும் போனோ யாரையும் தேடாது, எதையும் அளக்காது. வேறு அலைவரிசையை அளக்க வேண்டுமென்றால் நிலையம் அதற்கென்று இடைவெளி ஒதுக்க வேண்டும்: 40 அல்லது 80 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 6 மில்லிவிநாடி. கேட்காமல் போன் தானாகச் செய்யாது. ஆகவே செல் அணைய முடிவெடுக்கும் கணத்தில், தன்னிடம் உள்ளவர்கள் எங்கே போக முடியும் என்பது அதற்குத் தெரியாது.

இந்த நிறுவனத்தின் மென்பொருள் அந்தத் தெரியாமையைத் திட்டப் பதிவேட்டை வைத்து நிரப்பியது. சுமை வரம்புக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றால், இணைப்பில் இருப்பவர்களை அளக்காமலேயே முகட்டின் தாழ் பட்டைக்குத் தள்ளியது. போய்ச் சேராதவர்களின் இணைப்பை விடுவித்து ‘தாழ் பட்டைக்குப் போ’ என்று சொல்லிவிட்டு அணைந்தது. கொட்டகையில் தாழ் பட்டை கிடையாது. போன் தேடியது, கிடைக்கவில்லை, சேவை இல்லாத நிலைக்குப் போனது.

இதுகூடச் சிறிய கூட்டத்தின் கதைதான். எந்த நேரத்திலும் இணைப்பில் இருக்கும் போன்கள் கொஞ்சம். சட்டைப் பையில் ஓய்வில் கிடப்பவை பல மடங்கு. ஓய்வில் கிடக்கும் போன் எந்த செல்லின் கீழ் இருக்கிறது என்று நிலையத்துக்குத் தெரியாது. டிராக்கிங் ஏரியா வரைக்கும்தான் நெட்வொர்க் அறியும். அந்தப் போன்களிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருந்த குறி திடீரென்று நின்றுபோகும், அவ்வளவுதான். கொட்டகைக்காரரின் கையிலிருந்த போன் இந்த வகை.

நிழலுக்குள் இருப்பவர்கள்

யார் நிழலில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பகல் நேரத் தரவே உதவியது. போனின் செய்தி நிலையத்தில் சரியான கணத்தில் இறங்குவதற்காக நிலையம் அதற்கு டைமிங் அட்வான்ஸ் என்ற திருத்தத்தை அனுப்புகிறது. 4ஜியில் அதன் ஒரு படி சுமார் 78 மீட்டர். பள்ளத்தின் கொட்டகைச் செக்டாரில் பதிவான திருத்தங்களை மணிவாரியாக அடுக்கியபோது, மின்சேமிப்பு தொடங்கும் முன்பு இருந்த வாரங்களில் விடியலுக்கு முந்தைய நேரத்தில் ஒரு குறிப்பிட்ட தொலைவு வளையத்தில் திரள் தெரிந்தது. கொட்டகைகள் இருக்கும் தொலைவு அதுதான். மின்சேமிப்பு தொடங்கிய பின் அந்தத் திரள் முகட்டிலும் தென்படவில்லை, எதிர்முகட்டிலும் தென்படவில்லை. ஆட்கள் இடம் மாறியிருந்தால் வேறெங்காவது தெரிந்திருப்பார்கள். அவர்கள் நெட்வொர்க்கைவிட்டே போயிருந்தார்கள்.

ஒரு சிலர் மட்டும் எதிர்முகட்டில் தென்பட்டார்கள், மிகப் பலவீனமாக. அதுவும் நல்ல செய்தி அல்ல. டவர் பல வாட்டில் பேசும். போனின் உச்ச வலிமை 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். தூரத்து டவரின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் டவருக்கு எட்டாது. திரையில் ஒரு பாயிண்ட் காட்டும், அழைத்தால் போகாது. அதோடு எதிர்முகடு வேறு டிராக்கிங் ஏரியா என்பதால் போன் புதிதாகப் பதிவுசெய்ய முயன்றுகொண்டே இருக்கும். அந்த முயற்சி முடியும் வரை மையம் அதைப் பழைய ஏரியாவிலேயே தேடும். இரண்டுக்கும் நடுவில் அழைப்பு தொலையும்.

மறுபுறச் சரிவுத் தோட்டங்களில் கோளாறு வேறு. அங்கே எதிர்முகட்டின் 1800 நன்றாகவே கிடைக்கும். இருந்தும் ஒவ்வொரு முறை பள்ளம் அணையும்போதும் அங்குள்ள போன்கள் சில நிமிடங்கள் காணாமல் போய்த் திரும்பின. இதன் காரணம் அணைக்கும் வரிசையில் இருந்த ஒரே ஒரு குறியீடு. அணையும் முன் புதியவர்கள் உள்ளே வராமலிருக்க, செல் தன்னைத் ‘தடைசெய்யப்பட்டது’ என்று ஒலிபரப்பும். அதோடு இன்னொரு தகவலும் போகும்: இதே அலைவரிசையில் உள்ள வேறு செல்லுக்குப் போன் மாறலாமா, கூடாதா? ‘கூடாது’ என்று இருந்தால், நெறிமுறைப்படி 300 விநாடி வரை அந்த அலைவரிசையின் எந்த செல்லையும் போன் ஏறெடுத்துப் பார்க்காது. இங்கே ‘கூடாது’ என்றே வைக்கப்பட்டிருந்தது. பள்ளமும் எதிர்முகடும் ஒரே 1800. நல்ல சிக்னல் கண்ணெதிரே இருக்க, போன்கள் ஐந்து நிமிடம் கண்ணைமூடிக்கொண்டு நின்றன. சுமை வரம்பை ஒட்டி ஏறியிறங்கிய இரவுகளில் பள்ளம் அணைந்து எழுந்து மறுபடி அணைந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து நிமிடம். பல அடுக்கு அலைவரிசைகள் உள்ள நகரத்தில் போன் வேறு பட்டைக்குத் தாவிவிடும், இது யார் கண்ணிலும் படாது. ஒற்றைப் பட்டை டவர்கள் உள்ள மலையில் இது முழு இருட்டு.

எழுப்பும் வழியின் குருட்டுத்தனம்

தூங்கவைத்ததைவிட எழுப்பிய விதம்தான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. பள்ளத்தை எழுப்பும் அதிகாரம் முகட்டிடம் இருந்தது. முகட்டின் சுமை வரம்பைத் தாண்டினால் எக்ஸ்2 வழியாக எழுப்பும் கோரிக்கை போகும். ஆனால் நிழலில் இருப்பவர்கள் முகட்டை எட்டவே முடியாது; அவர்களால் முகட்டின் சுமை துளியும் ஏறாது. பள்ளம் தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் கூடினாலும் பள்ளம் எழாது. எதிர்முகட்டில் திணறிக்கொண்டிருந்த சிலராலும் பயனில்லை. இரு தயாரிப்பாளர்களின் கருவிகளுக்கு இடையே எக்ஸ்2 அமைக்கப்படாததால் எழுப்பும் கோரிக்கை போக வழியே இல்லை.

இந்தச் சிக்கலைத் தொடும் வழிகள் 3ஜிபிபியின் 4ஜி மின்சேமிப்பு ஆய்வறிக்கையில் இருக்கின்றன. தூங்கும் செல் தன் ரிசீவரை மட்டும் விழித்திருக்கவிட்டு, சுற்றியுள்ள போன்களின் மேல்நோக்கிய அலையை அளந்து ‘கூட்டம் வந்திருக்கிறது’ என்று ஊகிப்பது ஒன்று. கொஞ்ச நேரம் குறிகளை ஒலிபரப்பிப் பார்த்து யார் பதில் சொல்கிறார்கள் என்று சோதிப்பது இன்னொன்று. முதல் வழிதான் மின்சாரத்துக்கு நல்லது என்று அணியில் பலர் விரும்பினார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அது பலிக்காது. சேவை கிடைக்காத போன் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கும். பதிவுசெய்ய ஒரு செல் கிடைக்கும் வரை அது ஒன்றையும் அனுப்பாது. நிழலில் நூறு போன்கள் இருந்தாலும் ரிசீவர் அமைதியைத்தான் கேட்கும். அந்த அமைதியை ‘ஆளில்லை’ என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்து தூங்கும்.

ஆகவே இரண்டாம் வழி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சேவை இல்லாத போன் தன் பேட்டரியைக் காக்கத் தேடும் இடைவெளியை வரவர நீட்டிக்கொண்டே போகும். சில விநாடி ஒலிபரப்பிவிட்டு அணைந்தால் பல போன்கள் அதைக் கவனிக்கவே கவனிக்காது. சோதனை சில நிமிடமாவது நீடிக்க வேண்டும்.

மாற்றியவை

கொட்டகைச் செக்டாரைத் தூக்கப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். இதற்கு அணிக்குள் எதிர்ப்பு இருந்தது. இரவில் சுமை இவ்வளவு குறைவாக உள்ள செக்டாரை விழித்திருக்கவைப்பது வீண் என்றார்கள். எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது தூங்குவதற்கான அளவுகோலே அல்ல என்பதுதான் என் வாதம். இருப்பவர்களுக்குப் போக்கிடம் இருக்கிறதா என்பதே அளவுகோல். ஆயிரம் பேர் இருந்து ஆயிரம் பேருக்கும் வேறு செல் தாங்கும் என்றால் தாராளமாக அணைக்கலாம். ஒருவர் இருந்து அவருக்குப் போக்கிடம் இல்லை என்றால் அணைக்கக் கூடாது. அணைக்காமலேயே, தரவு ஓடாத இடைவெளிகளில் ஆம்ப்ளிஃபயரைக் கணநேரம் ஓய்வெடுக்கவிடும் வசதி கருவியில் இருந்தது. அதை மட்டும் அங்கே இயக்கினோம். மிச்சம் குறைவுதான். ஆனால் அது யாரையும் வெளியே தள்ளவில்லை.

இந்த அளவுகோலை மற்ற செல்களுக்கும் விதியாக்கினோம். தூங்கத் தகுதி கேட்கும் ஒவ்வொரு செல்லும், சேமிப்பு நேரம் வரும் முன்பே, தன்னிடம் இணையும் போன்களை அளக்கச் சொல்கிறது. நான் இல்லாவிட்டால் உனக்கு வேறு யார் கேட்கிறார், எவ்வளவு பலமாக? அண்டை செல் ஒன்றாவது மைனஸ் 110 டிபிஎம்முக்கு மேல் கேட்டால் அந்தப் போனுக்குப் போக்கிடம் உண்டு என்று வைத்துக்கொள்கிறோம். எதிர்முகட்டின் கதை காட்டியதுபோல, கேட்பதும் பேசமுடிவதும் ஒன்றல்ல என்பதால்தான் வரம்பைக் கொஞ்சம் கறாராக வைத்தோம். போக்கிடம் இல்லாத போன்கள் ஒரு மணிநேரத்தில் திரும்பத்திரும்பத் தென்பட்டால் அந்த மணிநேரத்தில் செல் தூங்காது. திட்டப் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

மறுபுறச் சரிவைப் பார்க்கும் செக்டார் தூங்கலாம் என்றே அளவீடு சொன்னது. அதை அணைக்கும் வரிசையை மாற்றினோம். முதலில் அண்டை செல்களுக்குச் சாதகமாக ஆஃப்செட்டை, அதாவது பலத்தை ஒப்பிடும்போது தரும் டெசிபெல் சலுகையை, கூட்டுகிறோம். பிறகு ஒலிபரப்பு வலிமையை 3 டெசிபெல் படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் காத்திருக்கிறோம். இதில்தான் முழுப் பயனும் இருக்கிறது. இணைப்பில் உள்ள போனுக்கு அண்டை செல் படிப்படியாக மேலாகத் தெரிந்து, அது தானே ஏ3 அறிக்கை அனுப்பும். வழக்கமான ஹேண்டோவர் போலவே முடிந்துவிடும். சட்டைப்பையில் கிடக்கும் போனும், யாரும் சொல்லாமலேயே, பலமான செல்லுக்குத் தானாக மாறிக்கொள்ளும். டவர் போவதை, ஆள் நகர்வதாகப் போனுக்குத் தோன்றும்படி செய்கிறோம். கடைசிப் படியிலும் யாராவது ஒட்டிக்கொண்டிருந்தால், அவர் வேறு செல்லை அளந்து சொல்ல முடியாவிட்டால், அணைப்பை அந்த இரவுக்குக் கைவிட்டு வலிமையைத் திரும்ப ஏற்றுகிறோம். எல்லாரும் போனபின் மட்டுமே தடைக் குறியீடு. அதிலும் ‘அதே அலைவரிசைக்கு மாறலாம்’ என்ற அனுமதியோடு.

எழுவதும் இதே நிதானத்தில் நடக்கிறது. ஒரே அடியில் முழு வலிமையில் எழுந்தால் சுற்றியுள்ள போன்கள் எல்லாம் அதே கணத்தில் தாவும். நுழைவுக்கு ஒரு செல்லில் இருப்பது 64 அடையாளத் தொடர்கள்தான். பலர் ஒரே நேரத்தில் ஒரே தொடரை எடுத்தால் மோதிக்கொள்வார்கள். படிப்படியாக ஏற்றினால் அருகில் இருப்பவர் முதலில், தூரத்தில் இருப்பவர் பிறகு என்று வரிசை தானாக அமைந்துவிடுகிறது. நேரத்தையும் மாற்றினோம். இந்தப் பள்ளத்தாக்கின் சேமிப்பு நேரம் இப்போது அறுவடை ஆட்கள் கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது. இரவின் முற்பகுதிதான் இங்கே உண்மையான ஓய்வு நேரம். இதைச் சொல்லக் கணினி தேவைப்படவில்லை. கொட்டகையில் கேட்டதும் சொல்லிவிட்டார்கள். தூங்கும் நேரத்துக்குள்ளும் இடையிடையே சில நிமிட ஒலிபரப்புச் சோதனை நடக்கிறது.

இதன் பிறகு, பதில் வராத பேஜிங்குகளின் கணக்கில் பள்ளம் மற்ற டவர்களோடு சேர்ந்து கலந்துவிட்டது. கொட்டகைத் தொலைவின் திரள் விடியலுக்கு முன் மீண்டும் தெரிகிறது. மின்சேமிப்பு முன்பு காட்டிய அளவுக்கு இப்போது இல்லை. அந்தப் பழைய அளவில் ஒரு பகுதி, ஆட்களை வெளியே நிறுத்திச் சேர்த்தது. அதை இழப்பென்று நான் எழுத மாட்டேன்.

புதிய தொழில்நுட்பத்தில் இதில் பாதி வேலை எளிதாகும். 5ஜிக்கு ரிலீஸ் 16இல் வந்த நிபந்தனை ஹேண்டோவரில், போக வேண்டிய செல்கள் முன்கூட்டியே தயாராகி, நிபந்தனை நிறைவேறியதும் போன் தானே மாறிக்கொள்ளும். ரிலீஸ் 18இல் அதை மின்சேமிப்போடு இணைத்தார்கள். செல் சேமிப்பு நிலைக்குப் போகிறது என்று ஒரு சிறு பொதுச் சைகை, உடனே தயாராக இருந்தவர்கள் எல்லாம் மாறிக்கொள்ளலாம். ஆளுக்கொரு கட்டளை அனுப்பும் நெரிசல் இல்லை. ஆனால் அதற்கும் தயார்செய்ய ஓர் இலக்கு வேண்டும். தோளின் நிழலில் நிற்பவருக்கு எந்த ரிலீஸும் இலக்கை உண்டாக்கித் தராது. தவிர, கொட்டகைகளில் நான் பார்த்த போன்கள் பெரும்பாலும் பழைய 4ஜி போன்கள்.

மின்சாரம் போகும் இரவுகள்

விரும்பித் தூங்குவது ஒன்று, வேறு வழியில்லாமல் தூங்குவது இன்னொன்று. தென்மேற்குப் பருவமழையில் கம்பிமேல் மரம் விழுந்து மின்சாரம் நின்றால் டவர் பேட்டரிக்கு மாறும். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் நிலையம் அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து ஆயுளை நீட்டிக்கும். மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் சாலை துண்டிக்கப்பட்டால் டீசலும் ஏறாது, ஆளும் ஏற முடியாது.

இந்த நிலையில் அணைக்கும் வரிசை இன்னும் பழையபடியே இருக்கிறது: அதிகம் மின்சாரம் குடிக்கும் அடுக்கு முதலில். ஒற்றைப் பட்டை உள்ள பள்ளத்தில் அதன் பொருள், அளவு இறங்கியதும் முழுவதும் இருட்டு. மேலும், பேட்டரி முறையில் அணையும் செல் வலிமையைப் படிப்படியாகக் குறைப்பதில்லை, அண்டை டவர்களுக்கு முன்னறிவிப்பும் தருவதில்லை. ஆட்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தேவைப்படும் இரவு அதுவே. 112ஐ எல்லாக் கைபேசியும் அவசர எண்ணாகவே எடுத்துக்கொண்டு, எந்த நிறுவனத்தின் அலை கிடைத்தாலும் முயலும். 108ஐ அப்படி எடுத்துக்கொள்வது சிம்மிலோ நெட்வொர்க்கிலோ உள்ள பட்டியலைப் பொறுத்தது. மலையில் பலருக்கும் பழகிய எண் 108தான். கொட்டகைகளில் பேசும்போதெல்லாம், சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் 112ஐ அழுத்துங்கள் என்று சொல்லிவருகிறோம்.

பேட்டரி முறைக்கும் அதே போக்கிட விதியைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். போக்கிடம் உள்ள செக்டார்கள் முதலில் அணையட்டும், கொட்டகைச் செக்டார் கடைசி வரை நிற்கட்டும். மீதமுள்ள பேட்டரி அதற்கே போகட்டும். பள்ளமும் எதிர்முகடும் எக்ஸ்2 வழியாகப் பேசிக்கொள்ளும்படி இணைப்பது இரண்டாவது கோரிக்கை. நெறிமுறை அதற்கு இடம் தருகிறது, இரு தயாரிப்பாளர்களின் அமைப்புகளையும் ஒரே நாளில் உட்கார்ந்து பொருத்த வேண்டும், அவ்வளவுதான். எமரால்டு, அவலாஞ்சிப் பக்கத்துத் தனித்த டவர்களில் போக்கிட அளவீடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பருவமழைக்கு முன் அந்தப் பட்டியல் கையில் இருந்தால், அங்கே எந்தெந்த செல்லை இரவில் தொடவே கூடாது என்று முன்கூட்டியே பூட்டிவிட முடியும்.